கருப்பு மரங்கொத்தியும் யோகா டீச்சரும்

காலை ஐந்தேகால் மணிக்கு அந்தமானின் மவுண்ட் ஹாரியட் மலை உச்சியில் நான் முதலில் பார்த்தது, படாக் மரத்தடியில் நிமிர்ந்திருந்த ஒரு முதுகை. சுனாமி முடிந்து நான்கு ஆண்டுகள் இருக்கும். போர்ட் பிளேரில் யோகா சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்மணி, யோக நூல்களைப் படிப்பதற்காக ஒரு பருவம் முழுக்க மலையில் தங்கியிருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி. விடியும்போது அதே மரத்தடியில் கண்மூடி உட்காருவது அவர் வழக்கம்.

நானோ அந்தமான் கருப்பு மரங்கொத்தியைப் படமெடுக்கப் பல வருடங்களாக அந்த மலை ஏறியவன். ஒருமுறைகூட அது கண்ணில் படவில்லை. டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னேன்.

"அதுவா? தினம் விடிஞ்சா என் தலைக்கு மேலதான் கொத்துது, சார்."

"பார்க்க எப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நான்தான் கண்ணைத் திறக்கிறதில்லையே."

எனக்கு வயிறு எரிந்தது. "ஒரே ஒரு தடவை திறந்து பாருங்களேன், டீச்சர்!"

"அரே, பொறாமையா? நீங்க வேணா மூடிப் பாருங்க."

மறுநாள் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தலைக்கு மேல் டக் டக்கென்று சத்தம் கேட்டது. பதறிக் கண் திறந்தேன். மரத்தில் எதுவும் இல்லை. அவர் கண்கள் மூடியே இருந்தன. அவர் மடியில் புதிய மரச்சிராய்கள் கிடந்தன.