இடது பக்கத்தைத் தொலைத்த மருமகன்

திமிராம்! என் மருமகனுக்குத் திமிராம்! எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், தெருவே தலையாட்டிவிட்டது. இடது பக்கமாக நின்று கூப்பிட்டாளாம், அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லையாம். அடியம்மா, உன்னை மட்டுமா அவர் பார்க்கவில்லை? இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. வியாதியிலும் இப்படி ஒரு சௌகரியம், கொடுத்து வைத்த மனுஷன்!

முடிவெட்டுகிறவர் அவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தக் கடை. ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் வலது பாதியில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். கைகால் தேறி வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் வலது பாதியை மட்டும் வழித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். என் மகள் தட்டைத் திருப்பி வைத்தாள்.

"இதை முதல்லயே போட்டிருக்கலாமே!"

ஜன்னல் வழியாகத் தெரு கேட்டது. அவள் புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் மூளையைப் பிரித்துக் காட்டினார். பின்மண்டையில் பார்க்கிற வேலை, நெற்றிப் பக்கம் யோசிக்கிற வேலை, அடியில் குட்டியாக ஒன்று, நாம் தள்ளாடாமல் நிற்க. வலது பாதி உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறதாம்.

"உச்சிக்குக் கொஞ்சம் பின்னால, வலது பக்கம், இங்கதான் அடிபட்டிருக்கு. கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. இடது பக்கத்தையும் கவனின்னு சொல்ற இடம் சொல்ல மாட்டேங்குது. அவரா தலையைத் திருப்பிப் பழகணும்."

அடுத்த வீட்டைக் கவனிக்கிற இடம் எதிர்வீட்டுக்காரிக்கு எவ்வளவு வீங்கியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். மகள் கிள்ளிவிட்டாள்.

அவர் யார் பேச்சையும் நம்பவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. கடைச் சாவியைக் கொடு" என்பதே பாட்டு. மகளோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தனியா ரோட்டைத் தாண்டிக் காட்டுங்க, தரேன். இல்லன்னா கடையை வித்துடலாம்." இடது பக்கமிருந்து லாரி வந்தால் அவருக்கு அது வராத லாரி. அவள் பயம் அவளுக்கு.

"எங்க வீட்டுல ஒரு மீசை இருக்கு. அதைத் திருத்திக் காட்டட்டும்" என்று எங்கள் வீட்டுக்காரர் வீரமாக உட்கார்ந்தார். மருமகனின் கத்தரிக்கோல் என்ன அழகாகப் பேசியது! முடித்துவிட்டுத் துண்டை உதறினார்.

"எப்படி மாமா?"

எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் கல்யாண மாப்பிள்ளை, மறுபக்கம் புதர்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. மீதி எப்போ?"

"மீதியா?"

எங்கள் வீட்டுக்காரர் அவர் விரலைப் பிடித்து அந்தப் புதர் மேல் வைத்தார். தடவத் தடவ மருமகன் முகம் சுருங்கிப்போனது. "இது எங்க இருந்துச்சு?" என்றார். அன்றைக்குத்தான் நம்பினார். அப்புறம் சாவி கேட்கவே இல்லை.

மறுநாள் வேண்டுமென்றே காபி டம்ளரை இடது பக்கம் வைத்தேன். தேடினார். பிறகு, கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்வாரே, அதேபோல இரண்டு விரலைத் தன் கன்னத்தில் வைத்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க சார்" என்று தன் தலையைத் தானே இடது பக்கம் திருப்பினார். டம்ளர் கிடைத்தது! அதன் பிறகு நாளெல்லாம் அதே வேலைதான். கதவுக்கு, செருப்புக்கு, மகளுக்கு, எல்லாவற்றுக்கும் "திரும்புங்க சார்." திமிர் பிடித்தவர் போய்ப் பைத்தியம் பிடித்தவர் என்று தெரு பதவி உயர்வு கொடுத்தது.

ஒரு காலை மகள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"நான் வரட்டுமாங்க?"

"வேண்டாம்."

வாசல் தாண்டினார். ரோட்டோரம் நின்றார். இரண்டு விரல் கன்னத்துக்குப் போனது, தலை திரும்பியது. மணியடிக்காமல் ஒரு சைக்கிள்காரன் இடது பக்கமிருந்து வந்தான். அவனைப் போகவிட்டு, மருமகன் நடந்தார்.