யோசினாவுக்குச் சேர வேண்டிய புத்தகம்

ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சித்திர ஜெபப் புத்தகங்கள் யார் யார் கை மாறி வந்தன என்று துருவிப் பார்ப்பதுதான் ப்ரூஜ் நகர நூலகத்தில் க்ரீத்தின் வேலை. சொந்தக்காரர் பெயர் சுரண்டிக் கிடந்தால் போதும், "எவனோ களவாணி வேலை" என்று பொரிந்து தள்ளுவாள். முப்பது வருடமாக அதே பேச்சு.

அன்றைக்கு வந்த புத்தகத்தின் முதல் தாளில், "எனக்குப் பிறகு இது என் மகளுக்கு" என்று ஒரு தாய் எழுதியிருந்தாள். மகளின் பெயர் இருந்த இடம் மட்டும் சுரண்டலில் தேய்ந்து, தோலால் ஆன அந்தத் தாள் மெலிந்துபோயிருந்தது.

"வந்துட்டான் உங்க களவாணி," என்று சிரித்தபடி, நூலகத்துக்காகப் பக்கங்களைப் படம் எடுக்கும் வவுட், அழிந்த மையைக் காட்டும் புற ஊதா விளக்கை அந்த இடத்தில் பிடித்தான்.

சுரண்டிய மை மங்கலாகத் தெரிந்தது. யோசினா. அதன் மேலேயே இன்னொரு யோசினா. அதற்கும் மேலே ஒன்று. மூன்றும் அந்தத் தாயின் கையெழுத்து.

"ஒரே பேரை மூணு வாட்டியா? மறதிக்காரி போல," என்றான் வவுட்.

க்ரீத் அதே புத்தகத்தில் இருந்த புனிதர் நாட்காட்டிப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரத்தில் அதே கையெழுத்தில் மூன்று பிறப்பு, சாவுக்கு மூன்று சிலுவைக்குறி. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

"சிரிக்காதடா. போனவளுக்கு எழுதினது புதுசா பொறந்தவளுக்கு ஆகாதுன்னு அந்தத் தாயே சுரண்டிட்டு, திரும்ப எழுதியிருக்கா. மூணாவதும் போனப்புறம் சுரண்டினதோட சரி, எழுதல."

வவுட் விளக்கை அணைத்தான். "அப்போ பட்டியல்ல அவளுக்கு அடுத்த சொந்தக்காரர்னு யாரைப் போடறது?"

"யோசினான்னு போடு," என்றாள் க்ரீத். "மூணு வாட்டி போடு."