சிவப்பு வில்லை

எங்கள் ஆய்வுக்கூடத்து மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டியக்காவுக்கு வாய் ஓயாது. தீனி போடும்போதே மீன்களைத் திட்டித் தீர்ப்பாள். பக்கத்து அறையில் கண்ணாடிக் குடுவை கழுவும் எனக்கு அதுதான் ரேடியோ. அவள் வாயடைத்துப்போய் நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

ஆழத்து நீரில் வாழ்ந்த மீன் இனம் ஒன்று அங்கே ஒரு தொட்டியில் இருந்தது. ஆழத்துக்குச் சிவப்பு வெளிச்சம் எட்டாது. அதனால் சிவப்பைக் காட்டும் ஜீன் எப்போதோ பழுதானபோது அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பழுது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்பார் ஆய்வாளரம்மா. அதைச் சோதிக்க, ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் சிவப்பு வில்லையும் பச்சை வில்லையும் அக்கா தண்ணீருக்குள் தொங்கவிடுவாள். சிவப்பை முட்டினால் தீனி.

அந்த மீன்கள் தவறாமல் சிவப்பையே முட்டின. ஆய்வாளரம்மாவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் பார்த்தால், அக்கா கைப்பழக்கத்தில் சிவப்பை எப்போதும் இடப்பக்கமே மாட்டியிருக்கிறாள். மாற்றி மாட்டியதும் மொத்தக் கூட்டமும் பச்சையில் போய் முட்டியது.

“நிறத்தைப் பாக்கலக்கா, இடத்தைப் பழகியிருக்கு. நம்மளையே ஏமாத்திடுச்சு!” என்று ஆய்வாளரம்மா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “மனுஷங்களுக்கும் இப்படி நிறம் தெரியாத குறை வருமாம்மா?”

“வருமே. பெரும்பாலும் அம்மா வழியா மகனுக்கு. அம்மாவுக்கு எல்லா நிறமும் நல்லாத் தெரியும்.”

அக்காவின் அப்பா காலுக்கொரு நிறத்தில் காலுறை போட்டவர். மறதி என்று வீட்டில் கேலி செய்வார்களாம். அக்காவின் ஒரே மகன் ரயில் ஓட்டுநர் வேலைக்குத் தேர்வாகி, மறுநாள் கண் பரிசோதனைக்குப் போக இருந்தான். மேல் விளக்கு எரிந்தால் நில், கீழ் விளக்கு எரிந்தால் போ என்று சின்ன வயதில் அவனுக்குச் சாலை கடக்கச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்.

“சோதனையில தோத்தா வேலைதான் போகும். தப்பித் தவறித் தேறிட்டான்னா? இருட்டுல ஒத்தை விளக்கு வந்து நின்னா மேலயா கீழயான்னு எப்படித் தெரியும்? பின்னாடி அத்தனை ஜனம் தூங்கிட்டு வரும்” என்று என்னிடம் சொன்னாள். “நீயும் வீட்டுக்கு வா. தனியாப் போக பயமா இருக்கு.” போனேன்.

மகன் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அக்கா இரண்டு வில்லைகளையும் நீட்டினாள்.

“எதுடா சிவப்பு?”

“என்னம்மா, என்னையும் மீனாக்கிட்டியா?”

அவன் வில்லைகளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தான். விரல் மெதுவாக ஒன்றின் பக்கம் போனது. அவள் புருவம் சுருங்கியது. விரல் சட்டென்று மற்றதற்குத் தாவியது.

“இதுதான்.”

அது சரிதான். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வில்லைகளை இடம் மாற்றினாள். மறுபடி நீட்டிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“இப்பச் சொல்லு.”

அவன் என் பக்கம் திரும்பினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அம்மா,” என்றான், “கண்ணைத் திறம்மா.”