குவைத்திலிருந்து மெட்ராஸ்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ஏழாம் வகுப்பிலேயே ஒரு விமானம் எப்போது வந்து சேரும் என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். அவருடைய ஒரே மகன், என் மாமா, குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார். கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். அப்பா மன்னார்குடிக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசிவிட்டு வந்தார். "ராத்திரியே ஏறிடறேன், அப்பாவை எடுத்துடாதீங்க மச்சான்" என்று மாமா அழுதாராம்.

காத்திருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. மிராசுதார் வயலில் இறங்கி, வாய்க்காலைக் கடந்துதான் போக வேண்டும். பாதை கேட்டு இரண்டு கட்சி ஆட்சியிலும் மனு கொடுத்தாயிற்று. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் வந்து போனது. வாய்க்கால் காய்ந்து கிடந்தால் கவலையில்லை. ஆனால் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மதகு திறக்கும் லஸ்கர், "நாளைக்குச் சாயங்காலம் உங்க வாய்க்காலுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டார்.

தெரு நாட்டாண்மை என்னைக் கூப்பிட்டார். "படிச்ச புள்ள நீதானே? ஏரோப்பிளேன் எத்தனை மணி நேரத்துல வரும், சொல்லு."

"அதுக்குள்ள தண்ணி வந்துட்டா ஏரோப்பிளேன வரப்புலயா எறக்குவான்?" என்றார் பின்னால் ஒருவர். துக்க வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பள்ளிக்கூட அட்லஸை விரித்தேன். பூ கட்டும் நூலைக் குவைத்திலிருந்து மெட்ராஸ் வரை இழுத்துப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று பாடத்தில் இருந்தது.

"அஞ்சு மணி நேரம். அப்புறம் மெட்ராஸ்லேருந்து பஸ். நாளைக்கு மத்தியானம் மாமா இங்க இருப்பாரு."

காத்திருப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஐஸ் கட்டி வாங்க ஆள் போனது. அழுகைக்கு நடுவிலும் அம்மா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் வந்தது, மாமா வரவில்லை. லஸ்கர் சொன்னதற்கு முன்பே வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் கரையோடு நின்றோம். இறங்கியவர்களுக்கு மார்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே ஏந்திக் கடந்தார்கள். முன்னால் போன அப்பா கால் வழுக்கி முழுகி எழுந்தார், கையை மட்டும் இறக்கவில்லை. பங்காளி வீட்டு அண்ணன் கொள்ளி வைத்தார்.

மாமா வந்தது அடுத்த வருடம் தை மாதம். அழுது ஓய்ந்த பிறகு சொன்னார். வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டிவிட்டாராம். ஒப்பந்தம் முடியும்வரை தர முடியாது என்றாராம்.

"கேட்டு வாங்கியிருக்கலாமே மாமா?" என்றேன். பாஸ்போர்ட்டை நான் பஸ் பாஸ் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ போட்ட கணக்கு சரிதான் பாப்பா. ஏரோப்பிளேன்ல அஞ்சு மணி நேரம்தான் ஆச்சு."

எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா ஏன் சட்டென்று எழுந்து உள்ளே போனாள் என்று யோசிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் முதல் வேலையாகப் போய், என் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று சொன்னேன்.