ஏழாவது வரி

கோப்பையில் பாதிக்குத்தான் தேநீர் ஊற்றுவார் புருல். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். வந்தவர் அதை வாயருகே கொண்டுபோவதற்குள் கேள்வி விழும். "எந்த ஊரு? யாரு மகன்? அப்பாவோட அப்பா பேரு?" ஏழு தலைமுறையைச் சொல்லி முடித்தால்தான் எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டித் தட்டு நகரும். தபால்காரர் ஐந்தாவதில் திணறியபோது, "பரவால்ல, வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வாங்க. தட்டு எங்கயும் போகாது" என்றார்.

நாற்பத்தாறு வயது. தலைமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒன்று, தேடுவது மூன்றாவதை. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் அவர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், கணவாய்களுக்கான பனிச்சரிவு எச்சரிக்கைப் பெட்டிகளைச் செய்கிறது. பெட்டிக்குள் மற்ற நிரல்களைக் கட்டி மேய்க்கும் கெர்னல் என்ற மைய நிரல் புருல் எழுதியது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு பெட்டி அடிக்கடி செத்து விழுந்தது. ஏதோ ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொடுகிறது. கெர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. திரையில் 'நினைவகப் பிழை' என்று ஒரே வரி. யாராவது ஏறிப்போய் அதை எழுப்பும்வரை கீழே உள்ள கிராமத்துக்குச் சங்கு ஊதாது. ஏறுகிறவர் அந்த ஊர் ஷைலூ. மேலிருந்து சாட்டிலைட் போனில் பேசுவார்.

"அக்கா, மறுபடியும் அதே ஒத்த வரிதான். என் குதிரைக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

புருலுக்கு அது சுருக்கென்றது. பெட்டி விழும்போது திரை காட்டும் பிழை அறிக்கையைப் புதிதாக எழுத உட்கார்ந்தார். தொட்டது எது, படிக்கவா எழுதவா, அது யாருடைய இடம். பிறகு அந்த நிரலை அழைத்தது யார், அதை அழைத்தது யார் என்று ஏழு படி.

"மூணு போதும்க்கா, இடமில்ல" என்றான் மேலாளர் குபன்.

"மூணு தலைமுறையோட நிறுத்துறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பெட்டி விழிக்கும்போது திரையில் தோன்றும் பனிச்சிறுத்தைப் படத்தை நீக்கி இடம் பிடித்தார். அது குபன் ஆசையாய் வரைந்தது.

"ஏழாவது வரியில ஒண்ணும் கிடைக்கலன்னா என் சிறுத்தை திரும்பி வரணும்" என்றான் அவன்.

நான்காம் நாள் பெட்டி மறுபடி விழுந்தது. ஷைலூ ஒவ்வொரு வரியாகப் படிக்க, அலுவலகமே போனைச் சூழ்ந்து நின்றது. ஆறு வரிகளிலும் குற்றமில்லை. மேலிருந்து வாங்கியதைக் கீழே கொடுத்த அப்பாவிகள்.

"ஏழாவது, 'புருல் பனி ஆழம்'. இது யாருக்கா, உங்க சொந்தமா?"

அங்கே எல்லா நிரல்களுக்கும் எழுதியவர் பெயரை முன்னால் ஒட்டுவது வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் புருல் எழுதியது அது. பனியின் ஆழத்தைச் சென்டிமீட்டரில் குறிக்க இரண்டு இலக்கங்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். இத்தனை வருடம் அது போதுமானதாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் பனி ஒரு மீட்டரைத் தொடும்போதெல்லாம் மூன்றாவது இலக்கம் அடுத்த வீட்டுக்குள் புகுந்திருக்கிறது.

முதலில் சிரித்தது புருல்தான். தலைமேலிருந்த கண்ணாடி கீழே விழும்வரை சிரித்தார். திருத்தி அனுப்பப் பத்து நிமிடம். ஷைலூ பெட்டியை எழுப்பி, போனைச் சங்குக்கு நேராகப் பிடித்தார். ஊதிய ஊதலில் குதிரை கனைத்ததும் கேட்டது.

புருல் கெட்டிலை எடுத்துத் தன் கோப்பையைத் தளும்பத் தளும்ப நிரப்பி, தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

குபன் எட்டி அதை எடுத்து, பாதியைத் தன் கோப்பையில் ஊற்றிவிட்டு, அவர் முன்னால் திரும்ப வைத்தான்.