கைக்குப் பொருந்திய ரோஸ் சேலை

கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுப்பார்கள். அதிலும் மாமியார் ஒரு சேலையில் கை வைத்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சிரம்பான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைத்தான் பார்த்தேன். இப்போது வேலையை விட்டுத் தெமியாங்கில் வீட்டோடு இருக்கிறேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சில நாள் போன் செய்து, எந்த நிறத்துக்காரருக்கு எந்தக் கலர் எடுத்துப் போடுவது என்று கேட்பார்கள். முகத்தைக் காட்டினால் கைப்பேசியே பதில் சொல்லிவிடும் காலத்தில் என்னைக் கேட்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவர்களுக்கு நான் சொல்வது கலைவாணியின் கதை.

லாபு பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் வேலை செய்த பெண் அவள். மாப்பிள்ளை வீட்டார் சுவா ஊர்க்காரர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். மாமியாராகப் போகிறவர் உட்காரும் முன்பே வெளிர் ரோஸில் ஒரு பட்டைக் கேட்டார்.

"பொண்ணு கொஞ்சம் கருப்பு. லைட் கலர் போட்டாதான் வெளுப்பா தெரிவா" என்றார், பெண்ணை வைத்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. வியாபாரத்தில் சுருக்கென்றாலும் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே முந்தானையைப் போட்டு நிறம் பார்ப்போம். கூட்ட நாளில் வேலை சீக்கிரம் முடியும். கலைவாணி முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். ரோஸ் முந்தானை அந்தக் கைக்கு அவ்வளவு பொருத்தம். எடுப்பாக இருக்கிறது என்று கூட்டமே சொன்னது. பில் போடும்படி முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. சேலையை மடிப்பதுபோல் குனிந்தேன். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, கொசுக்கடிக்கு நாங்க எப்பவும் நீளக்கை சட்டதான் போடுவோம். வெயிலு படுறது மூஞ்சிலதான். கல்யாண போட்டோல என் கைய யாரு பாக்கப் போறாங்கக்கா?"

அப்போதுதான் கையையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு ஆளுடையவைபோல் இருந்தன. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள், எல்லாரும் நீளக்கைச் சட்டைக்காரிகள். இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

டியூப்லைட்டில் பட்டின் நிறம் சரியாகத் தெரியாது, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சொல்லி எல்லாரையும் கடை வாசலில் உள்ள நடைபாதைக்குக் கூட்டிப்போனேன். அதை நாங்கள் அஞ்சடி என்போம். ரோஸ் சேலையை அவள் தோளில் போட்டேன். முகம் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிட்டது. மாமியார் அதைப் பார்த்தும் விடவில்லை. கிட்டத்தில் அப்படித்தான் இருக்கும், மணவறையில் தூரத்திலிருந்துதானே பார்க்கப்போகிறார்கள் என்றார்.

"அப்ப தூரமா நின்னே பாத்துருவோம்மா" என்றேன்.

அவர் அஞ்சடியின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பி நின்றார். என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"சேலை தெரியுது லா. வேற என்ன தெரியணும்?"

ரோஸை எடுத்துவிட்டு, கடுகு மஞ்சள் கரை போட்ட அரக்குச் சேலையைத் தோளில் போட்டேன். கலைவாணி அதுவரை குனிந்தே நின்றிருந்தாள். அரக்கைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். மாமியாரிடம் என்ன தெரிகிறது என்று மறுபடி கேட்டேன்.

"பொண்ணு தெரியுறா" என்றார்.

மெதுவாக நடந்து வந்து அந்தச் சேலையின் மஞ்சள் கரையைத் தடவிப் பார்த்தார்.

"என் கல்யாணத்துக்கும் இந்த ரோஸ்தான் எடுத்தாங்க. யாரும் தள்ளி நின்னு பாக்கல" என்றவர், அரக்கையே பில் போடச் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார். அவரை மனதுக்குள் அதுவரை திட்டியதையெல்லாம் நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பட்டைத் தெருவுக்குக் கொண்டுபோனதற்கு முதலாளி முணுமுணுத்தார். ஆனால் அடுத்த வாரமே ஆளுயரக் கண்ணாடியை வாசல் பக்கம் மாற்றினார். அதற்குப் பிறகு நான் யாருடைய கையிலும் சேலையைப் போட்டு நிறம் பார்த்ததில்லை. தோளில் போடு, பகல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போ, தள்ளி நின்று பார். சேலைக்கு முந்தி முகம் கண்ணில் பட்டால் அதுதான் அவளுக்கு உரிய கலர். நான் கற்றது அவ்வளவுதான். கண்ணீரை அடக்கிக்கொண்டு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட கலைவாணிக்கு நான் மிகவும் கடமைப்பட்டவள்.

கல்யாணம் முடிந்ததும் ஆல்பத்தைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினாள். முதல் படத்தில் அவள் சிரிப்பைத்தான் பார்த்தேன். பக்கத்தில் மாமியார், பளிச்சென்ற கரும்பச்சைப் பட்டில். எங்கள் கடைச் சரக்கு இல்லை. யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன்.

"அவங்களே எடுத்தாங்கக்கா. நான்தான் தள்ளி நின்னு பாத்தேன்."