எடுத்துக்கொண்ட அகலம்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். பாலங்களை வடிவமைப்பவர் அவளுடைய கணவர். அவற்றைச் சரிபார்ப்பவள் அவள். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. தனித்தனியே போட்டு விடைகள் ஒத்துவந்தால்தான் வரைபடம் வெளியே போகும். அதற்காகவே இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது.

“வீட்டுல ஒரே கூரை, ஆபீஸ்ல தனிக்குடித்தனம்” என்று வரைபடக்காரர் கேலி செய்வார்.

ஒரு தசமப் புள்ளி நகர்ந்திருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் சறுக்கியது ஒரு மதியச் சாப்பாட்டின்போது.

நெடுஞ்சாலைக்கு மிக அகலமான பாலம் ஒன்று. நீண்ட கான்கிரீட் பெட்டி போன்றது; உள்ளே கோத்த எஃகு வடங்களை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதைத் தொய்யாமல் நிறுத்துவார்கள். அவ்வளவு அகலமான மேல்தளம் முழுவதும் ஒன்றுபோல் உழைக்காது. பெட்டியின் சுவர்களை ஒட்டிய பகுதி மாங்கு மாங்கென்று சுமக்கும். தள்ளியிருக்கும் பகுதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே, உழைக்கும் அகலம் எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதைக் கூட்டி எடுத்தால், தாளில் பாலம் உள்ளதைவிட வலுவாகத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே அவள் கணவரிடம் கேட்டாள்.

“மேல்தளத்துக்கு எவ்வளவு அகலம் எடுத்தீங்க?”

“முழுசும்தான். ஏன்?”

“சும்மாதான்.”

அவளும் முழு அகலத்தையே எடுத்துக்கொண்டாள். விடைகள் அச்சு அசலாக ஒத்துவந்தன. ஒத்துவராமல் எப்படி இருக்கும்?

பாலம் திறந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பாலமோ நடுவில் தொய்ந்துகொண்டே வந்தது; பெட்டிக்குள் விரிசல்களும் கண்டன. தலைமைப் பொறியாளர் இருவரையும் விளக்கம் கேட்க அழைத்தார்.

அதற்கு முந்தின நாள் மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவளருகே கணவர் வந்து நின்றார்.

“நாளானா கான்கிரீட் தானாவே தொய்யும்னு சொல்லிடலாம். அது ஒண்ணும் பொய்யில்லையே.”

“அது பாதிதாங்க. மீதி?”

“மீதியச் சொன்னா, நீ என்னைக் கேட்டுத்தான் சரிபார்த்தேன்னு ஆகிடும்மா. அப்புறம் எவன் உன்கிட்ட தாளைக் கொடுப்பான்?”

“லாரியெல்லாம் அது மேலதானே போகுது.”

“எல்லாம் தாங்கும்.”

“எந்த அகலத்தை வெச்சுச் சொல்றீங்க?”

அவர் ஈரப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் அவர்தாம் முதலில் உள்ளே போனார். வெளியே வந்தபோது, முந்தின மாலை சொன்னதையே சொல்லிவிட்டதாக அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

“கான்கிரீட்டோட தொய்வுதான்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

அவள் உட்காரவில்லை. அகலத்தைப் பற்றியும் அந்த மதியத்தைப் பற்றியும் சொன்னாள்.

“கையெழுத்து என்னோடதுதான் சார். ஆனா நான் சரிபார்க்கல.”

அன்றே பாலத்தில் லாரிகள் நிறுத்தப்பட்டன. அவளுடைய சிவப்புப் பேனா வேறொருவர் மேசைக்குப் போயிற்று. தலைமைப் பொறியாளரிடம் கணவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒத்துவரவில்லை என்பதை மதியத்திற்குள் அலுவலகமே அறிந்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் அவள், இருவரும் வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடும் மேசையில் டப்பாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, சுவருக்கு அப்பாலிருந்து அவருடைய டப்பாவின் மூடி திறக்கும் ஓசை கேட்டது.